படம் கடைசியில் வரட்டும்

தண்ணீர் குடிக்காத ஒரு நாய்க்குட்டி. சாப்பிடுகிறது, கொஞ்சம் விளையாடுகிறது, கொஞ்சம் சோர்வாக இருக்கிறது. காலையில் வைத்த கிண்ணம் மாலையிலும் அப்படியே இருக்கிறது. எந்த உறுப்பைச் சந்தேகப்படுவீர்கள்? வீட்டில் இருப்பவர்கள் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். எங்களைப் போன்றவர்கள் சிறுநீரகத்தில் தொடங்குவோம். ரத்தப் பரிசோதனையில் சோடியம் லிட்டருக்கு 170, 180 மில்லிமோல் என்று வந்து நிற்கும். ஆரோக்கியமான நாயில் அது ஏறக்குறைய 140-க்கும் 155-க்கும் நடுவில் இருக்க வேண்டியது. சிறுநீரகம் சரியாகத்தான் இருக்கிறது, வயிற்றுப்போக்கும் இல்லை, குட்டியோ மினியேச்சர் ஷ்னாவ்சர் என்றால், விஷயம் தெரிந்தவர் அந்த இடத்திலேயே தலையைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

தாகம் தொண்டையில் பிறப்பதில்லை. மூளையின் அடிப்பக்கத்தில், ஹைப்போதாலமஸை ஒட்டிய ஒரு சிறு பகுதி ரத்தத்தின் உப்பை அளந்துகொண்டே இருக்கிறது. உப்பு ஏறினால் 'குடி' என்று சொல்கிறது. தாயின் வயிற்றில் கருவின் முன்மூளை இடம், வலம் என்று இரண்டாகப் பிரியும்போது அந்த நடுக்கோடு ஒழுங்காக உருவாகாமல் போனால், இரண்டு அரைக்கோளங்களையும் இணைக்கும் தடித்த நரம்புப் பட்டையான கார்ப்பஸ் கலோசம் பாதியாகவோ முழுதாகவோ இல்லாமல் போகும். பல நேரம் அதன் கூடவே தாகத்தை அளக்கும் இடமும் கெட்டுவிடும். ஷ்னாவ்சர்களில் இது 1980-களிலிருந்தே மருத்துவ இதழ்களில் பதிவாகி வருகிறது. பிரிட்டனில் ஸ்டாஃபர்ட்ஷையர் புல் டெரியர்களிலும் பார்த்திருக்கிறார்கள்.

இதற்கு வைத்தியம் என்ன என்று கேட்டால் சிரிப்பீர்கள். சாப்பாட்டில் தண்ணீரைக் கலந்து கொடுப்பதுதான். எடைக்கு ஏற்ப அளந்து, ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டையும் கஞ்சி பதத்துக்குக் கரைத்து, அவ்வப்போது சோடியம் பார்த்து. ஒரே எச்சரிக்கை, ஏறிய சோடியத்தை அவசரப்பட்டு இறக்கக் கூடாது. இறக்கினால் மூளை வீங்கும். நிதானமாக இறக்கிவிட்டால் சில நாய்கள் இப்படியே வருடக்கணக்கில் ஓட்டிவிடும்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் சின்னப் பிராணிகள் பார்க்கும் மருத்துவன். பிறவி மூளைக்கோளாறு என்று சந்தேகம் வந்ததும் வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "டாக்டர், ஒரு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துடலாமா?" இன்டர்நெட்டில் படித்திருப்பார்கள், அல்லது மாமாவுக்கு எடுத்திருப்பார்கள். என் பதில் பெரும்பாலும், "எடுக்கலாம்மா, ஆனா இப்ப இல்ல." இந்தப் பதில் அவர்களுக்குத் திருப்தி தருவதில்லை. சிலர் நான் காசு மிச்சம் பிடிக்க வழி சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். காசும் ஒரு காரணம்தான். ஆனால் முதல் காரணம் அதுவல்ல. எம்ஆர்ஐ மூளையின் வடிவத்தைக் காட்டும். நாய் எதனால் அவதிப்படுகிறது என்பதைக் காட்டாது. இந்த இரண்டும் ஒன்றேதான் என்று நினைப்பவர்கள், மருத்துவர்கள் உட்பட, இந்த விஷயத்தில் நிறையத் தடுக்கி விழுகிறார்கள்.

வயதிலிருந்து தொடங்குவோம். நாய்க்குட்டி பிறந்து 10 முதல் 14 நாளில் கண் திறக்கும். காது திறப்பதும் ஏறக்குறைய அப்போதுதான். மூன்றாவது வாரம் வாக்கில் எழுந்து நடக்கப் பார்க்கும். அதுவரை எல்லாக் குட்டியும் வயிற்றால் தவழ்ந்து, தாயின் மடியைத் தேடி, பால் குடித்துத் தூங்கும். அதற்குப் பெருமூளை அதிகம் தேவைப்படுவதில்லை. அதனால் பெரிய குறையோடு பிறந்த குட்டிகூட முதல் மூன்று வாரம் கூடப்பிறந்தவற்றோடு வித்தியாசம் தெரியாமல் இருந்துவிடும். நாலைந்து வாரத்தில்தான் கதை பிரியும். மற்றவை ஓடும்போது ஒன்று மட்டும் தள்ளாடும். இல்லையென்றால் சுவரோரம் போய் முட்டிக்கொண்டு திரும்பத் தெரியாமல் நிற்கும். "அது கொஞ்சம் மந்தம் சார், போகப்போகச் சரியாயிடும்" என்று விற்பவர் சொல்லிவிடுவார். பாவம், பல நேரம் அவரும் நம்பித்தான் சொல்கிறார்.

பரிசோதனை செய்கிறவர் ஏமாறும் இடமும் இங்கேயே இருக்கிறது. கண்ணுக்கு நேரே கையைச் சட்டென்று கொண்டுபோனால் நாய் இமைக்கும். பார்வையையும் மூளையையும் ஒரே நேரத்தில் சோதிக்கும் எளிய வழி இது. ஆனால் இந்த இமைப்பு பிறவியில் வருவது அல்ல, பழகி வருவது. 10, 12 வாரம் ஆகும் வரை நல்ல குட்டியும் இமைக்காது. ஆறு வாரக் குட்டி இமைக்கவில்லை என்று குருடு என எழுதிக் கொடுத்தால் அது அநியாயம். இன்னொரு நுணுக்கமும் உண்டு. அந்த இமைப்புக்கான பாதை சிறுமூளை வழியாகவும் போகிறது. எனவே சிறுமூளை குறைந்த நாய் நான்கு மாதம் ஆன பின்னும் இமைக்காமல் இருக்கலாம். ஆனால் பஞ்சை மேலிருந்து நழுவவிட்டால் தலையைத் திருப்பி அதையே பார்த்துக்கொண்டிருக்கும். பார்வை இருக்கிறது, இமைப்பு இல்லை. பஞ்சுக்கு ஐந்து ரூபாய்கூட ஆகாது. அந்தப் பஞ்சு சிறுமூளையைக் கை காட்டிவிடுகிறது.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் டி லஹுன்டா 1977-ல் வெளியிட்ட கால்நடை நரம்பியல் நூலில் படித்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர் 2021-ல் காலமானார். அந்தப் பள்ளியில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் ஒரே வரிசையைத்தான் சொல்வார்கள்: முதலில் கோளாறு எங்கே, பிறகு அது என்ன. பெருமூளைப் பக்கம் குறை இருந்தால் வலிப்பு, ஒரே பக்கமாக வட்டமடிப்பது, மூலையில் சிக்கிக்கொள்வது, தலையைச் சுவரில் அழுத்திக்கொண்டு நிற்பது, எத்தனை மாதம் சொல்லிக்கொடுத்தாலும் வெளியே போய் மூத்திரம் பெய்யக் கற்காதது என்றெல்லாம் வரும். சிறுமூளைப் பக்கம் என்றால் இவை எதுவும் இருக்காது. குட்டிக்கு எல்லாம் புரியும், கூப்பிட்டால் வரும், ஆனால் வரும் விதம் வேறு. கால்களை அகட்டி வைத்து, முன்னங்காலைத் தேவைக்கு மேல் தூக்கி, சிப்பாய் அணிவகுப்பு போல எறிந்து எறிந்து நடக்கும். சும்மா படுத்திருக்கும்போது தலை அசையாது. சாப்பாட்டுக் கிண்ணத்தை நெருங்க நெருங்கத் தலை ஆட ஆரம்பிக்கும். மூக்கு கிண்ணத்துக்குள் இடித்துக்கொள்ளும். காலில் பலம் குறைவா என்று அழுத்திப் பார்த்தால் நன்றாக எதிர்த்துத் தள்ளும். பலம் இருக்கிறது, அளவு தெரியவில்லை.

இங்கேயும் ஒரு கிளைக்கதை. சிறுமூளை பிறவியிலேயே சரியாக வளராமல் போவது ஒன்று. சரியாக வளர்ந்து, பிறகு அதன் செல்கள் காலத்துக்கு முன்பே உதிர்வது இன்னொன்று. முதல் வகை நடக்கத் தொடங்கிய நாளில் எப்படித் தள்ளாடியதோ பெரும்பாலும் அப்படியே இருக்கும். குட்டி தன் உடம்போடு பழகிக்கொண்டு கொஞ்சம் தேறியதுபோல்கூடத் தெரியும். இரண்டாவது வகை வாரத்துக்கு வாரம் மோசமாகும். கெர்ரி ப்ளூ டெரியர் குட்டிகள் மூன்று மாத வாக்கில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே தடுமாறத் தொடங்குவது இந்த வகை. ஒரே நாள் பரிசோதனையில் இரண்டையும் பிரிப்பது கஷ்டம். ஆரம்ப கட்டத்தில் எம்ஆர்ஐ-யும் கைவிரித்துவிடலாம். பிரித்துக் காட்டுவது காலம்தான்.

அதனால்தான் வீடியோ எடுங்கள் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறேன். இதில் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பாட்டு சேர்க்காதீர்கள். ஸ்லோ மோஷன் வேண்டாம். போனைத் தரையளவுக்கு இறக்கி, பக்கவாட்டிலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று, சாப்பிடும்போது ஒன்று. வாரம் ஒரு முறை, அதே தரையில். இப்படி நான்கு வீடியோக்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தால் எந்தக் கருவியும் தராத விடை கிடைக்கும்.

சில இனங்களில் இப்போது மரபணுச் சோதனையும் வந்துவிட்டது. யூரேசியர் என்ற ஜெர்மானிய இனத்தில் சிறுமூளையின் நடுப்பகுதி குறைந்து பிறக்கும் குட்டிகள் இருந்தன. விஎல்டிஎல்ஆர் என்ற மரபணுவில் உள்ள பிழைதான் காரணம் என்று 2015-ல் கண்டுபிடித்தார்கள். பீகிளில் குட்டிப் பருவத்திலேயே சிறுமூளைச் செல்கள் உதிரும் நோய்க்கு எஸ்பிடிபிஎன்2 மரபணு காரணம் என்று 2012-ல் தெரிந்தது. இது நடக்கத் தொடங்கும் நாளிலேயே தெரிந்துவிடுகிறது என்பதால், மேலே நான் சொன்ன காலக்கணக்கு எல்லா இனத்துக்கும் பொருந்தாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் தாய், தந்தை இருவருமே வெளியில் ஆரோக்கியமாக இருந்தபடி பிழையைச் சுமப்பவர்கள். கொஞ்சம் ரத்தம் அல்லது வாயில் தேய்த்தெடுத்த பஞ்சு போதும், யாரோடு யாரைச் சேர்க்கக் கூடாது என்று தெரிந்துவிடும்.

இனி, மூளையே இல்லாத மூளைநோய்கள். மூளைக்கோளாறு போலவே வந்து நிற்கும், ஆனால் மூலம் வேறிடத்தில் இருக்கும். இவற்றைத் தள்ளாமல் ஸ்கேனுக்குப் போவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

உள்ளங்கையில் அடங்கும் டாய் இனக் குட்டி, ஒரு வேளை சாப்பிடாமல் விட்டாலே சர்க்கரை இறங்கி, தள்ளாடி, வலிப்பு வந்து விழும். ஈறில் தேன் தடவிய சில நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. டிஸ்டெம்பர் நம் ஊரில் இன்னும் போகவில்லை. தடுப்பூசி போடாத குட்டி, இரண்டு வாரத்துக்கு முன் சளி, கண்ணில் பீளை, பேதி, இப்போது ஒரு காலோ தாடையோ தாளம் தப்பாமல் வெட்டிவெட்டி இழுக்கிறது என்றால் அது பிறவிக்கோளாறு அல்ல, வைரஸ். குட்டியை வாங்கிய வீட்டில் மற்றக் குட்டிகள் எப்படி இருக்கின்றன என்று ஒரு போன் செய்தால் தெரிந்துவிடும். அந்த போனைச் செய்யத்தான் எல்லோரும் தயங்குகிறார்கள்.

ராஜபாளையம் வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம் இன்னொன்று. வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்குமாகப் பிறக்கும் குட்டிகளில் சில பிறவிச் செவிடு. கூப்பிட்டால் திரும்பாது, தூங்கும்போது தொட்டால் மிரண்டு கடிக்கும், பயிற்சி ஏறாது. இதற்கும் 'மூளை வளரல' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். குட்டியின் முதுகுப்பக்கம் நின்று, காற்று மேலே படாமல், சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். கூடப்பிறந்தவை பக்கத்தில் இருக்கும்போது செய்யாதீர்கள். அவை திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பிவிடும்.

இந்த வரிசையில் நான் அதிகம் பயப்படுவது கல்லீரலுக்கு. குடலிலிருந்து வரும் ரத்தம் கல்லீரலுக்குள் போய்ச் சுத்தமாகித்தான் உடம்புக்குள் போக வேண்டும். சில குட்டிகள் கல்லீரலைத் தாண்டிப் போகும் ஒரு குறுக்குவழி ரத்தக்குழாயோடு பிறக்கின்றன. யார்க்‌ஷயர் டெரியர், மால்டீஸ் இனங்களில் இது பேர்போனது. அம்மோனியா உள்ளிட்ட கழிவுகள் நேராக மூளைக்குப் போகும். சாப்பிட்ட ஓரிரு மணி நேரத்தில் குட்டி வெறித்துப் பார்க்கும், எச்சில் ஒழுகும், சுவரில் தலையை அழுத்தும், சிலதுக்கு வலிப்பும் வரும். அடுத்த வேளை வரைக்கும் சுமாராக இருக்கும். இதே யார்க்‌ஷயர் போன்ற குட்டி இனங்களில்தான் மூளைக்குள் நீர் அறைகளும் இயல்பிலேயே பெரிதாக இருப்பது சகஜம். இப்போது இந்தக் குட்டியை முதலில் எம்ஆர்ஐ-க்குள் தள்ளினால் என்ன ஆகும்? நீர் அறைகள் பெரிதாகத் தெரியும். 'ஹைட்ரோசெஃபாலஸ்' என்று அறிக்கை வரும். எல்லோரும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். குற்றவாளி வயிற்றில் இருப்பான். சாப்பிடுவதற்கு முன் ஒன்று, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று என இரண்டு முறை ரத்தம் எடுத்துப் பித்த அமிலம் பார்த்திருந்தால் பிடிபட்டிருப்பான். அந்தக் குறுக்குவழியை அறுவை சிகிச்சையில் அடைக்க முடியும். குணமாகக்கூடிய ஒன்றை விட்டுவிட்டு, குறையே இல்லாத ஒன்றுக்கு வைத்தியம் பார்க்கும் அபாயம் இது. ஸ்கேனுக்கு மயக்க மருந்து வேறு கொடுக்க வேண்டும், அதைக் கரைக்க வேண்டியதும் அதே கல்லீரல்தான்.

ஹைட்ரோசெஃபாலஸ் பேச்சு வந்துவிட்டதால் அதையே பார்ப்போம். மூளைக்குள் இருக்கும் அறைகளில் தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் ஊறி, குறுகலான கால்வாய்கள் வழியாக வெளியேறி, மூளையைச் சுற்றி ஓடி, ரத்தத்தில் கலக்கிறது. வழியில் அடைப்பு இருந்தாலோ உறிஞ்சப்படுவது குறைந்தாலோ அறைகள் ஊதும், மூளையின் சதை மெலியும். குட்டியின் மண்டை எலும்புகள் ஒட்டாத வயதில் இது நடந்தால் நெற்றி குவிந்து மேலே தள்ளும், இரண்டு கண்ணும் கீழும் வெளியுமாகப் பார்க்கும். கூடப்பிறந்தவற்றைவிட உருவம் சிறுத்திருக்கும்.

உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்து 'மூடவில்லை, அதனால் மூளையில் நீர்' என்று முடிவு கட்டும் பழக்கம் ஒன்று இருக்கிறது. சிவாவா இனத்தில் இது செல்லாது. ஃபின்லாந்து ஆய்வாளர்கள் 50 சிவாவாக்களின் மண்டையை ஸ்கேன் செய்து 2021-ல் வெளியிட்டதில், 46 நாய்களுக்கு உச்சியிலோ பக்கங்களிலோ ஒன்றாவது மூடாத இடம் இருந்தது. அத்தனையும் நோயாளி நாய்கள் அல்ல. அதே சமயம், மூடாத இடங்கள் எண்ணிக்கையிலும் அளவிலும் கூடக்கூடப் பிரச்சினையும் கூடுகிறது என்றும் அந்த ஆய்வு சொன்னது. ஒரு காலத்தில் உச்சிக்குழி அந்த இனத்தின் தூய்மைக்கு அடையாளம் என்றே கொண்டாடினார்கள். எலும்பில் ஓட்டை இருப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்ட இனம் வேறு உண்டா என்று தெரியவில்லை.

அந்த ஓட்டையால் ஒரு பயனும் இருக்கிறது. அல்ட்ராசவுண்ட் எலும்பைத் தாண்டாது, ஆனால் உச்சிக்குழி வழியாக உள்ளே போகும். மயக்க மருந்து இல்லாமல், குட்டியை மடியில் வைத்துக்கொண்டே ஐந்து நிமிடத்தில் நீர் அறைகளைப் பார்த்துவிடலாம். பார்த்துவிட்டு என்ன சொல்வது என்பதில்தான் சிக்கல். ஆரோக்கியமான பீகிள்களிலும் புல்டாக்களிலும் பெரிய நீர் அறைகளை ஆய்வாளர்கள் பலமுறை பார்த்திருக்கிறார்கள். ஒரு பக்கம் பெரிது, மறுபக்கம் சிறிது என்று இருப்பதும் நோயில்லாத நாய்களில் உண்டு. அதனால் அறையின் அகலத்தை மூளையின் அகலத்தோடு ஒப்பிட்டு ஒரு விகிதம் பார்க்கிறார்கள். 0.6-ஐத் தாண்டினால் நோய் என்று சந்தேகிக்கலாம் என்பது 2015-ல் வந்த ஒரு ஆய்வின் யோசனை. அதோடு சேர்த்து அறையின் மேல்கூரை தூக்கிக்கொண்டிருக்கிறதா, அறையைச் சுற்றியுள்ள சதை நீரில் ஊறியிருக்கிறதா, மூளையின் மடிப்புகள் எலும்போடு நசுங்கித் தட்டையாகியிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். உள்ளே அழுத்தம் இருக்கிறது என்பதற்கு இவை அடையாளம். அறை பெரிதாக இருந்தும் அழுத்தம் இல்லை, நாய்க்கும் எந்தத் தொந்தரவும் இல்லை என்றால் அது படத்தில் கிடைத்த ஒரு செய்தி. நோய் அல்ல.

நோய்தான் என்று ஆன பின் வைத்தியமும் அப்படியொன்றும் பளிச்சென்று இல்லை. ஸ்டீராய்டு, நீரிறக்கி மருந்துகள் கொஞ்ச காலம் தாங்கும். ஒமிப்ரசோல் மாத்திரை மூளைநீர் ஊறுவதைக் குறைக்கும் என்று நம்பிப் பலர் எழுதிக் கொடுத்தார்கள். நல்ல பீகிள்களுக்குத் தொடர்ந்து வாய்வழியாகக் கொடுத்து அளந்தபோது ஊறும் அளவு குறையவில்லை என்று 2016-ல் ஒரு ஆய்வு வந்தது. மூளை அறையிலிருந்து தோலுக்கடியில் ஒரு மெல்லிய குழாயை ஓட்டி வயிற்றுக்குள் நீரை வடிக்கும் அறுவை சிகிச்சை மனிதர்களுக்குப் போலவே நாய்களுக்கும் செய்கிறார்கள். நன்றாகப் பலன் தந்த நாய்கள் உண்டு. குழாய் அடைத்துக்கொண்டும், கிருமி தாக்கியும் மறுபடி மேஜைக்கு வந்த நாய்களும் உண்டு.

சரி, எம்ஆர்ஐ எப்போதுதான் எடுப்பது? ஆறு மாதத்துக்கு முன்பே வலிப்பு ஆரம்பித்து, மேலே சொன்னவை எல்லாம் இல்லை என்று ஆனால், தள்ளிப்போடாமல் எடுக்க வேண்டும். காரணம் தெரியாத சாதாரண வலிப்புநோய் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் ஆறு வயதுக்கும் இடையில்தான் தொடங்கும் என்பது 2015-ல் சர்வதேச கால்நடை வலிப்புநோய்க் குழு ஏற்றுக்கொண்ட கணக்கு. லாசா ஆப்சோ இனத்தில் மூளையின் மேற்பரப்பு மடிப்பே இல்லாமல் வழவழவென்று இருக்கும் ஒரு பிறவிக்குறை உண்டு. 1970-களில் அதை விவரித்தபோது நாய் இறந்த பிறகு மண்டையைத் திறந்துதான் பார்க்க முடிந்தது. இன்று உயிரோடு இருக்கும்போதே படத்தில் பளிச்சென்று தெரிகிறது. எம்ஆர்ஐ-யின் அருமை அங்கேதான். ஒரு விஷயம் மட்டும்: நான்கு மாதத்துக்குக் குறைந்த குட்டியின் மூளையில் நரம்பிழைகளின் கொழுப்புறை இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது. படத்தில் வெள்ளையும் சாம்பலும் பெரிய நாயில் இருப்பதுபோல் இருக்காது. அதைப் படிக்கத் தெரிந்தவர் படிக்க வேண்டும்.

படத்துக்கும் நாய்க்கும் உள்ள இந்த இடைவெளி முழுதாகத் தெரியும் இடம் கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல். அதன் கதை எனக்கு அலுக்காத கதை.

1926-ல் ராஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர் லண்டன் க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சிக்கு வந்தார். பழைய ஓவியங்களில் ராஜாக்களின் காலடியில் உட்கார்ந்திருக்கும் நீள மூக்கு ஸ்பானியல்களைத் தேடினார். இருந்ததெல்லாம் சப்பை மூக்கு. பழைய ஜாடையில் நாய் கொண்டுவருபவருக்கு 25 பவுண்டு பரிசு என்று அறிவித்தார். 1928-ல் அந்த இனத்துக்கு ஒரு சங்கமே உருவானது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தீனிக்கே வழியில்லாமல் பண்ணைகள் கலைந்தன. மிச்சமிருந்த கொஞ்ச நாய்களிலிருந்துதான் இன்றைய கவாலியர்கள் பெருகின. மூக்கு கொஞ்சம் நீண்டது, ஆனால் மண்டையின் பின்பக்கம் குறுகியே நின்றது. சிறுமூளைக்கு அங்கே இடம் போதவில்லை. அதன் ஒரு பகுதி மண்டையின் அடித்துளை வழியே கழுத்துப் பக்கம் பிதுங்குகிறது, நீர் ஓட்டம் தடைபடுகிறது, தண்டுவடத்துக்குள் நீர்க்குழிகள் உண்டாகின்றன. மனிதரில் இதுபோன்றதை 1891-ல் ப்ராக் நகரில் ஹான்ஸ் கியாரி விவரித்ததால், நாயில் வருவதற்கு 'கியாரி போன்ற' குறை என்று பெயர். தண்டுவடத்தில் உண்டாகும் குழிக்கு சிரிங்கோமைலியா.

வீட்டில் இது எப்படித் தெரியும்? நாய் சொறியும். நடந்துகொண்டே, ஒரே பக்கத் தோளை நோக்கி, பின்னங்காலால் காற்றில் சொறியும். நகம் தோலில் படவே படாது. கழுத்துப்பட்டை போட்டால் அதிகமாகும். உற்சாகப்பட்டால் அதிகமாகும். நெஞ்சுக்கடியில் கைகொடுத்துத் தூக்கினால் திடீரென்று கத்தும். தூங்கும்போது தலையை உயர்த்தி எதன்மேலாவது வைத்துக்கொள்ளும். உண்ணி மருந்து, ஷாம்பு, ஒவ்வாமை ஊசி என்று மாதங்கள் ஓடிய பிறகுதான் யாருக்காவது பொறி தட்டும்.

தட்டியதும் எம்ஆர்ஐ எடுத்தால்? கவாலியர்களில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அந்தப் பிதுக்கம் படத்தில் தெரியும்! வலியில்லாத நாய்க்கும் தெரியும். பிரிட்டனில் எந்தத் தொந்தரவும் இல்லை என்று உரிமையாளர்கள் சொன்ன 555 கவாலியர்களை ஸ்கேன் செய்து 2011-ல் வெளியிட்டார்கள். ஒரு வயது நாய்களில் 25 சதவீதத்துக்கும், ஆறு வயதும் அதற்கு மேலுமான நாய்களில் 70 சதவீதத்துக்கும் தண்டுவடத்தில் குழி இருந்தது. தொந்தரவு இல்லை என்றவர்கள் கவனிக்கவில்லையா, உண்மையிலேயே வலி இல்லையா என்பது தனிச் சண்டை. இரண்டும் கலந்திருக்கும் என்பது என் எண்ணம். குழியின் அகலமும், அது தண்டுவடத்தின் எந்தப் பக்கம் போகிறது என்பதும் வலியைத் தீர்மானிக்கின்றன. குழியே இல்லாமல் பிதுக்கத்தால் மட்டும் வலிக்கும் நாய்களும் உண்டு.

கவாலியரின் காதும் குழப்பத்தில் பங்கு கேட்கும். நடுக்காதில் கோந்து போன்ற சளி அடைத்துக்கொள்ளும் நோய் இந்த இனத்தில் அதிகம். அதுவும் கழுத்துவலி, காதருகே சொறிதல், தலை சாய்தல் என்றே வரும். செவிப்பறையில் சின்னக் கீறல் போட்டுச் சளியைக் கழுவினால் பல நாய்கள் தெளிந்துவிடும். படத்தில் மூன்றும் தெரிகிறது: பிதுக்கம், குழி, சளி. எது வலிக்கிறது? அதைப் படம் சொல்லாது. சொறியும் இடம், கத்தும் தருணம், காபாபென்டின் என்ற நரம்புவலி மருந்து கொடுத்த வாரத்தில் வந்த மாற்றம், இவற்றைக் கூர்ந்து பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் அந்த வீட்டில் நாய்க்குச் சோறு வைப்பவர். படத்தை மட்டும் பார்த்து மண்டையின் பின் எலும்பைக் குடைந்து இடம் பண்ணும் அறுவை சிகிச்சைக்கு ஓடுவதை இதனால்தான் நான் விரும்புவதில்லை. நன்றாகத் தேறி, ஒன்றிரண்டு வருடத்தில் வலி திரும்பிய நாய்கள் கணிசம்.

இவ்வளவு நேரம் படத்தைக் கீழே வைத்துப் பேசிய நான், ஒரு இடத்தில் அதை மேலே தூக்கிவைக்க வேண்டும். அந்த இடம் இனப்பெருக்கம். ஒரு தனி நாய்க்கு வலிக்கிறதா என்பதற்குப் படம் சாட்சி அல்ல. ஆனால் அதற்குப் பிறக்கப்போகும் குட்டிகளின் மண்டைக்கு அது நல்ல சாட்சி. 2008 ஆகஸ்டில் பிபிசி ஒளிபரப்பிய 'பெடிக்ரீ டாக்ஸ் எக்ஸ்போஸ்டு' ஆவணப்படத்தில் வலியில் துடிக்கும் கவாலியரைப் பார்த்த பிரிட்டன் அதிர்ந்தது. அடுத்த ஆண்டிலிருந்து க்ரஃப்ட்ஸ் கண்காட்சியை பிபிசி ஒளிபரப்பவில்லை. 2012-ல் பிரிட்டிஷ் கால்நடை மருத்துவச் சங்கமும் கென்னல் கிளப்பும் சேர்ந்து ஒரு ஸ்கேன் திட்டம் தொடங்கின. பிதுக்கத்துக்கு ஒரு மதிப்பெண், குழிக்கு ஒரு மதிப்பெண், இரண்டும் 0 முதல் 2 வரை. இதில் எனக்குப் பிடித்தது, குழியின் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் போடும் வயது எழுத்து. ஐந்து வயதைத் தாண்டி எடுத்தால் 'ஏ', மூன்று முதல் ஐந்துக்குள் 'பி', ஒன்று முதல் மூன்றுக்குள் 'சி'. ஒரு வயதில் சுத்தமாக இருந்த தண்டுவடம் ஐந்தில் அப்படி இல்லாமல் போகலாம் என்பதால், '0ஏ'-யின் மதிப்பு '0சி'-க்குக் கிடையாது. திட்டம் நல்ல திட்டம். சேர்ந்த வளர்ப்பாளர்கள் குறைவு. செலவு ஒரு காரணம். ஐந்து வயது வரை காத்திருந்து குட்டி போடவைக்க யாருக்கும் பொறுமை இல்லாதது இன்னொன்று.

சர்ரே பல்கலைக்கழகத்தில் கிளேர் ரஸ்பிரிட்ஜ் இந்த நோயின் பின்னால் இருபது வருடத்துக்கும் மேலாக அலைகிறார். அவர் குழு 2019-ல் கவாலியர் ஸ்கேன்களைக் கணினிக்குக் கற்பித்து, வலியுள்ள நாயையும் இல்லாத நாயையும் எது பிரிக்கிறது என்று தேடவைத்தது. கணினி கைகாட்டியது எல்லோரும் இத்தனை வருடம் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்த மண்டையின் பின்பக்கத்தை மட்டும் அல்ல. முகம் குட்டையானதால் நெருக்கப்பட்ட முன்பக்கத்தையும், மண்டையின் அடித்தளத்தையும்கூட. பொம்மை முகம் வேண்டும் என்று நாம் கேட்டதுக்கும் பின்னந்தலையில் வரும் வலிக்கும் தொடர்பு இருக்கிறது என்று இதைப் படித்தால் தோன்றுகிறது. நம் ஊரில் 2003-ல் ஹட்ச் செல்போன் நிறுவன விளம்பரத்தில் பையன் பின்னால் ஓடிய பக் நாயைப் பார்த்துத் தெருவுக்குத் தெரு பக் வந்தது நினைவிருக்கும். எந்த முகம் விற்கிறதோ அந்த மண்டைதான் பிறக்கும்.

நார்வேயில் இது நீதிமன்றம் வரை போனது. 2022 ஜனவரியில் ஆஸ்லோ மாவட்ட நீதிமன்றம், கவாலியரையும் இங்கிலீஷ் புல்டாகையும் இனப்பெருக்கம் செய்வது அந்நாட்டு விலங்குநலச் சட்டத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் புல்டாகை விடுவித்து, கவாலியரை விடுவிக்க மறுத்தது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் கவாலியர் விஷயத்தில் அதையே உறுதிசெய்தது. கவாலியர் வைத்திருப்பதற்குத் தடை இல்லை. தூய இனத்தை இதுவரை பெருக்கிய விதத்துக்குத்தான் தடை. வேறு இனத்தோடு முறையாகக் கலந்து, அறிவியல் அடிப்படையில் மண்டையை மாற்றிக் கொண்டுவரும் முயற்சிக்கு வழி திறந்திருக்கிறது. அப்படிப் பிறக்கும் கலப்புக் குட்டிகளை எந்த வயதில், எத்தனை முறை ஸ்கேன் செய்வது என்பதுதான் இனி அங்கே பேச வேண்டிய கணக்கு.